சாலட்: உப்பு போட்ட சொல்

ஆயுத பூஜைக்கு மறுநாள் படையல் பழமெல்லாம் தட்டில் அப்படியே கிடக்கும். ஆப்பிளும் சாத்துக்குடியும் தாங்கும், ஆனால் கொய்யா வாசம் ஊரைத் தூக்கும், வாழைப்பழத்தில் கரும்புள்ளி விழுந்திருக்கும், பொரி நமுத்தே போயிருக்கும். பொரியை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நறுக்கி ஃப்ரூட் சாலட் என்று பேர் வைத்துக் கிண்ணத்தில் நீட்டினேன். "இதுக்குத் தமிழ்ல என்னடா?" என்றார் அப்பா. பழக்கலவை என்றேன். "கலவைன்னா கொத்தனார் போடுறதுல்ல?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டு ஆப்பிளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சரி, சாலட் என்றால்தான் என்ன? லத்தீனில் உப்புக்கு 'சால்' என்று பெயர், 'சலாட்டா' என்றால் உப்பிட்டது. ரோமானியர்கள் பச்சை இலைகளை உப்பும் எண்ணெயும் வினிகரும் விட்டுப் புரட்டித் தின்றார்கள், அந்த உப்பே பண்டத்தின் பெயராக நின்றுவிட்டது. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது 14ஆம் நூற்றாண்டில். 1390 வாக்கில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் எழுதிவைத்த சாலட் குறிப்பில் பூண்டு, வெங்காயம், புதினா, பெருஞ்சீரக இலை என்று பதினான்கு பச்சிலைகளும் வெங்காய வகைகளும் வருகின்றன. அவற்றைக் கழுவி, கையால் சின்னச் சின்னதாகக் கிள்ளி, எண்ணெயில் புரட்டி, கடைசியில் வினிகரும் உப்பும் போடச் சொல்கிறது. பழம் என்ற பேச்சே அதில் இல்லை.

சாஸ், சல்சா, சலாமி எல்லாம் இதே உப்பில் பிறந்த சொற்கள்தான். சம்பளத்தைக் குறிக்கும் சாலரியும் அப்படியே. நம் சம்பளத்தையும் சம்பா நெல், அளம் என்று பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்த காலத்துச் சொல் என்று விளக்குவார்கள். அளம் என்றால் உப்பளம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரித்தால் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒரு வேரை நம்பிவிட எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

வேர்ப்பொருளை வைத்துப் பார்த்தால், கல்யாணப் பந்தியில் கஸ்டர்டும் ஐஸ்கிரீமும் போட்டு வைக்கிற ஃப்ரூட் சாலட்டுக்கு அந்தப் பெயரே ஒட்டாது, உப்பு என்பது மருந்துக்குக்கூடக் கிடையாதே. பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டிக்காரர் கொய்யாவை அடி பிரியாமல் நாலாகக் கீறி, பூ மாதிரி விரித்து, உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஒரு துண்டுக் காகிதத்தில் வைத்துத் தருகிறாரே, ரோமானியன் பார்த்தால் அதைத்தான் சலாட்டா என்பான்.

தமிழில் நேர்ச்சொல் தேடினால் முதலில் பச்சடி வந்து நிற்கும். பச்சையாக நறுக்கிப் போடுவது என்ற அளவில் மிக நெருக்கம், ஆனால் பச்சடி என்று சொன்ன உடனே கை தயிரைத் தேடும். போதாததற்கு மாங்காய்ப் பச்சடியை வெல்லம் போட்டு அடுப்பில் வேகவைக்கிறோம். கோசம்பரி இன்னும் நெருக்கம். ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய், உப்பு, மேலே கடுகு தாளிப்பு, அசல் சாலட் அதுதான். ஆனால் அதையே கோசுமல்லி என்று செட்டிநாட்டுப் பக்கம் போய்க் கேட்டால் வேகவைத்து மசித்த கத்தரிக்காயை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள்! பஞ்சாமிர்தத்தைச் சிலர் சொல்வதுண்டு, அது பிசைவது, நறுக்குவது இல்லை. இலங்கையில் சலாது என்று எழுதுகிறார்கள், அது காதுக்குத் தமிழாகவே பழகிவிட்டது.

இத்தனையும் பார்த்த பிறகு என் ஓட்டு பழக்கலவைக்குத்தான். கல என்ற வினை கொத்தனாருக்கு மட்டும் சொந்தமில்லை, கலவைச் சாந்து என்று சந்தனத்துக்கும் சொன்னதுதானே.

அப்புறம் ஆங்கிலத்தில் 'ஆட்டம் (autumn) ஃப்ரூட் சாலட்' என்று வருவதை 'இலையுதிர்காலப் பழக்கலவை' என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அதில்தான் எனக்குச் சண்டை. இங்கே வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். ஐப்பசியில் மழை கொட்டுகிறது, மரமெல்லாம் பச்சையாக நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகைக்குப் பழைய தமிழில் கூதிர் என்று அருமையான பெயர் இருக்கிறது, ஆனால் கூதிர்ப் பழக்கலவை என்றால் வீட்டில் சிரிப்பார்கள். ஐப்பசிப் பழக்கலவை என்றாலே போதும்.

அதைச் செய்கிற விதமும் பெரிய வித்தை இல்லை. ஆப்பிள், பேரிக்காய், கொய்யா மூன்றையும் ஒரே அளவாக நறுக்கி, நறுக்கிய கையோடு எலுமிச்சைச் சாறு பிழிந்து புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் காற்றுப் பட்டு ஆப்பிள் பழுப்பேறிவிடும். சாத்துக்குடியைச் சுளை சுளையாக உரித்து மேல்தோலையும் எடுத்துவிடுவது நல்லது, மாதுளை முத்துகளை அப்படியே போடலாம். சீத்தாப்பழம் கிடைத்தால் விடாதீர்கள், கொட்டை ஒன்றுகூட இல்லாமல் எடுத்துவிட்டுக் கடைசியில் சேர்த்து ஒரே ஒரு முறை கிளறுங்கள், அதற்கு மேல் கிளறினால் கூழ்தான். சர்க்கரை வேண்டாம், அது பழத்திலிருக்கும் நீரை எல்லாம் இழுத்து அடியில் குளம் கட்டிவிடும். உப்பும் அதே வேலையைச் செய்யும், அதனால் பரிமாறும்போது ஒரு சிட்டிகை, கூடவே கொஞ்சம் மிளகுத்தூள்.

அப்பா இரண்டாவது கிண்ணம் கேட்டபோது "அந்தக் கலவையை இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.