அமெரிக்காவில் புதிய தொழிலுக்கு இ.ஐ.என்.: விண்ணப்பிக்கும் முன் யோசிக்க வேண்டியவை

அமெரிக்காவில் சிறு தொழில் தொடங்குபவர்கள் நிறுவனத்தைப் பதிவு செய்த கையோடு கேட்கும் முதல் கேள்வி, "இ.ஐ.என். எப்போது கிடைக்கும்?" என்பதுதான். ஐ.ஆர்.எஸ். எனப்படும் கூட்டரசு வருவாய்த் துறை வழங்கும் இந்த ஒன்பது இலக்கத் தொழில் அடையாள எண் இல்லாமல், எல்.எல்.சி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குவதும், ஊழியர்களுக்குச் சம்பளம் போடுவதும், கூட்டாண்மைக்கோ கார்ப்பரேஷனுக்கோ வரிப் படிவம் தாக்கல் செய்வதும் பெரும்பாலும் நடக்காது. எண்ணைப் பெறுவது கடினமான வேலையன்று. ஆனால், விண்ணப்பத்தில் அவசரமாகக் கொடுத்த பதில்களால் வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு ஓராண்டு கழித்து வரி ஆலோசகரான என்னிடம் வருபவர்கள் குறைவில்லை. எந்தெந்த வரிப் படிவங்களை, எந்தத் தேதிக்குள் நீங்கள் தாக்கல் செய்வீர்கள் என்று ஐ.ஆர்.எஸ். எதிர்பார்க்கத் தொடங்குவது அந்தப் பதில்களை வைத்துத்தான்.

முதலில் கட்டணம். ஐ.ஆர்.எஸ். இந்த எண்ணுக்கு ஒரு காசும் வாங்குவதில்லை. ஆனால் தேடுபொறியில் தேடினால், அரசுச் சின்னத்தைப் போன்ற ஒரு சின்னமும் அரசு வண்ணங்களும் கொண்ட தனியார் தளங்கள் விளம்பரமாக மேலே வந்து நிற்கும். அவை உங்களிடம் கேட்டு வாங்கும் விவரங்களை அதே இலவச விண்ணப்பத்தில் நிரப்பிவிட்டு 200, 300 டாலர் என்று கட்டணம் வசூலிக்கின்றன. அரசுத் தளமென்று நம்பவைத்துப் பணம் பறிப்பதாக இத்தகைய தளங்களை, நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.சி. எச்சரித்தும் இருக்கிறது. பணம் போவதைவிட, உங்கள் தனிநபர் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் முகம் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்வதுதான் எனக்குப் பெரிய கவலை. முகவரியின் முடிவில் 'டாட் கவ்' (.gov) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள்.

எல்.எல்.சி. அல்லது கார்ப்பரேஷன் என்றால், மாநிலத்தில் பதிவு முடிந்த பிறகுதான் எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே எண் வாங்கிவிட்டு, மாநில அலுவலகம் அந்தப் பெயரை மறுத்ததும் வேறு பெயரில் பதிவு செய்பவர்கள், பிறகு வங்கியிடம் இரண்டு பெயர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். மாநிலச் சான்றிதழில் உள்ள பெயரையே எழுத்துப் பிசகாமல் இட வேண்டும். இணைய விண்ணப்பம் எழுத்து, எண், இணைப்புக்கோடு, 'அண்ட்' குறி (&) ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். முற்றுப்புள்ளி, காற்புள்ளி, கூட்டல் குறி எதையும் ஏற்காது. எல்லாம் சரியாக இருந்தும் 101 என்ற குறிப்பெண்ணுடன் விண்ணப்பம் நின்றுவிட்டால், உங்கள் பெயர் ஏற்கெனவே உள்ள வேறொரு நிறுவனத்தின் பெயரோடு மோதுகிறது என்று பெரும்பாலும் பொருள். அப்போது இதே விண்ணப்பத்தின் தாள் வடிவமான எஸ்.எஸ்.-4 படிவத்தைத் தொலைநகலில் அனுப்பிவிடுவதே நல்லது. திரும்பத் திரும்ப முயன்று பயனில்லை.

விண்ணப்பத்தில் 'பொறுப்புள்ள நபர்' என்று ஒருவரைக் காட்ட வேண்டும். நிறுவனத்தையும் அதன் பணத்தையும் உண்மையில் கட்டுப்படுத்தும் மனிதர் அவர். 2019ஆம் ஆண்டு மே மாதம் முதல், அரசு அமைப்புகள் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த இடத்தில் தனிமனிதரைத்தான் காட்ட முடியும். இன்னொரு நிறுவனத்தைக் காட்ட முடியாது. நிறுவனப் பதிவு செய்து தரும் முகவரின் பெயரையோ, அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரின் பெயரையோ வசதிக்காகப் போடுவது விதிக்குப் புறம்பானது. பிறகு எண்ணைப் பற்றிய எந்தத் தகவலுக்கும் ஐ.ஆர்.எஸ். அவரிடம்தான் பேசும், உங்களிடம் பேசாது என்பது இதில் இருக்கும் நடைமுறைச் சிக்கல்.

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு தடையும் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாதவர்களுக்கு விசாவில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, அதே குழப்பம் சோஷியல் செக்யூரிட்டி பதிவுக்கும் போயிருக்கும். தந்தை பெயரைச் சிலர் முதலிலும் சிலர் கடைசியிலும் எழுதியிருப்பார்கள். விண்ணப்பத்தில் இடும் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி பதிவில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் இணையத்தில் எண் கிடைக்காது. ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து நிரப்பாமல், சோஷியல் செக்யூரிட்டி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். பதினைந்து நிமிடம் எதுவும் செய்யாமல் விட்டால் விண்ணப்பம் காலாவதியாகிவிடும். பாதியில் சேமித்து வைக்கவும் வழியில்லை.

இனி, பதில்களுக்கு வருகிறேன். எல்.எல்.சி.யில் எத்தனை உறுப்பினர்கள் என்ற கேள்விக்கு, மனைவியின் பெயரும் இருக்கட்டுமே என்று 'இரண்டு' என்று போடுபவர்கள் பலர். ஓர் உறுப்பினர் மட்டும் இருந்தால், வேறு தேர்வு எதுவும் செய்யாதவரை, தொழிலின் வரவு செலவு உங்கள் தனிநபர் படிவத்திலேயே அடங்கிவிடும். இரண்டாவது உறுப்பினர் வந்ததும் அது கூட்டாண்மை ஆகிறது. மார்ச் 15க்குள் 1065 என்ற தனிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். நியூ ஜெர்சியில் வீட்டிலிருந்தே முறுக்கும் பொடி வகைகளும் விற்கத் தொடங்கிய ஒரு தம்பதியர், முதலாண்டில் லாபமே இல்லை என்பதால் தனிநபர் படிவம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டார்கள். தாமதத்துக்கான அபராதம் லாபத்தைப் பார்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டுக்கான படிவங்களுக்கு அது ஒவ்வொரு பங்காளிக்கும் மாதம் 245 டாலர். இப்படி 12 மாதங்கள் வரை ஏறும். இருவர் என்றால் 5,880 டாலர். காரணம் காட்டி விலக்கு கேட்கலாம், பல நேரங்களில் கிடைக்கவும் செய்யும். ஆனால் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கும் மாதங்களில் அவர்கள் பட்ட மன உளைச்சலுக்கு விலக்கு இல்லை. டெக்சஸ், கலிஃபோர்னியா, வாஷிங்டன் போல, திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பொதுவாகக் கருதும் மாநிலங்களில், கணவன் மனைவி மட்டுமே உறுப்பினர்களாக உள்ள எல்.எல்.சி.யைக் கூட்டாண்மையாகக் கருதாமல் விட வழி உண்டு. நியூ ஜெர்சியில் அது இல்லை. டெக்சஸின் டாலஸில் இருக்கும் நண்பர் சொன்னதை நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவர் அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

சம்பளம் பற்றிய கேள்வியும் அப்படியே. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் ஊழியர்கள் இருப்பார்களா என்று கேட்டால், நம்பிக்கையோடு 'ஆம்' என்று சொல்லி ஒரு தேதியும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தத் தேதி முதல் காலாண்டுக்கு ஒருமுறை, சம்பள வரிக்கான 941 படிவம் வரும் என்று ஐ.ஆர்.எஸ். எதிர்பார்க்கும். யாரையும் வேலைக்கு எடுக்காமலே இருந்தால், படிவம் எங்கே என்று கடிதம் வரும். ஊழியர் இல்லாதபோது 'இல்லை' என்றே சொல்லுங்கள். எண் கிடைப்பதற்கு ஊழியர் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பின்னர் ஆள் எடுக்கும்போது அதே எண்ணையே பயன்படுத்தலாம்.

விண்ணப்பத்தில் 'எஸ் கார்ப்பரேஷன்' (லாபத்துக்கான வரியை நிறுவனத்துக்குப் பதில் பங்குதாரர்கள் செலுத்தும் நிலை) என்று குறித்துவிட்டால் அந்த வரிநிலை கிடைத்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. அதற்கு 2553 என்ற வேறு படிவம், அந்த நிலை நடைமுறைக்கு வரும் வரியாண்டு தொடங்கியதிலிருந்து இரண்டு மாதம் பதினைந்து நாள் என்ற கெடுவுக்குள் போக வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் எண் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். விண்ணப்பம் விசாவைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் எண் கிடைத்தது என்பது அந்த நிறுவனத்தில் வேலை செய்ய அனுமதி கிடைத்ததாக ஆகாது. இதை வரி ஆலோசகரிடம் கேட்பதில் பயனில்லை. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்துகொண்டு டெலவேர், வயோமிங் மாநிலங்களில் எல்.எல்.சி. தொடங்குபவர்களுக்கு இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ, அதைப் பெற முடியாதவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். தரும் வரி எண்ணான ஐ.டி.ஐ.என்.னோ இல்லாதவர் இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது. தொலைபேசி, தொலைநகல், அஞ்சல் ஆகியவையே வழி. இந்த எண்ணுக்காக முதலில் ஐ.டி.ஐ.என். வாங்க வேண்டும் என்று சொல்லி அதற்கும் கட்டணம் கேட்கும் முகவர்களை நம்ப வேண்டாம். எஸ்.எஸ்.-4 படிவத்தின் 7பி வரியில் ஆங்கிலத்தில் 'ஃபாரின்' என்று எழுதி அனுப்பினாலே எண் கிடைக்கும். நான்கே நாளில் வரும் என்ற வாக்குறுதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், வாரக்கணக்கில் ஆவதுண்டு.

உண்மையான சுமை எண் வந்த பிறகுதான் தொடங்குகிறது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் மட்டுமே உரிமையாளராக உள்ள எல்.எல்.சி., உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடந்த பணப் பரிமாற்றங்களை 5472 படிவத்தில் காட்டி, பெயரளவிலான ஒரு 1120 படிவத்தோடு (கார்ப்பரேஷன் வரிப் படிவம்) சேர்த்து ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். வருமானமே இல்லை, வரியும் இல்லை என்றாலும், முதலீடாக நீங்கள் போட்ட தொகையே காட்ட வேண்டிய பரிமாற்றம்தான். அனுப்பத் தவறினால் அபராதம் 25,000 டாலர் முதல். நூறு டாலர் செலவில் அமெரிக்க நிறுவனம் என்று விளம்பரம் செய்பவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. இந்தியப் பக்கத்தில் 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளும் இருக்கின்றன. அதற்கு உங்கள் ஊர் ஆடிட்டரையும் வங்கியையும் முன்கூட்டியே கலந்துகொள்ளுங்கள்.

எண் ஒதுக்கப்பட்டதும் சி.பி. 575 என்ற கடிதம் வரும். இணையத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு அது உடனே கோப்பாகக் கிடைக்கும். பெரும்பாலோர் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு கடிதத்தை மூடிவிடுகிறார்கள். அதைக் கீழ்வரை படியுங்கள். உங்கள் பதில்களின்படி நீங்கள் எந்தப் படிவங்களை எந்தத் தேதியில் தாக்கல் செய்ய வேண்டும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். எதிர்பாராத படிவ எண் ஏதேனும் அங்கே இருந்தால், அதைத் திருத்த அதுவே மலிவான தருணம். கடிதம் தொலைந்தால் தொலைபேசியில் அழைத்து 147சி என்ற உறுதிக் கடிதம் கேட்டு வாங்கலாம். புதிய எண் ஐ.ஆர்.எஸ்.இன் நிரந்தரப் பதிவேடுகளில் ஏற இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், எண் வாங்கிய மறுநாளே மின்னணுத் தாக்கல் நிராகரிக்கப்பட்டால் பதறி இன்னோர் எண் வாங்கிவிடாதீர்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு எண்கள் வாங்கி, ஒன்றை வங்கியிலும் மற்றொன்றைச் சம்பளக் கணக்கு நிறுவனத்திலும் கொடுத்தவர்களின் கணக்கை ஒழுங்கு செய்வது எங்கள் வேலைகளிலேயே அலுப்பானது.

வாடிக்கையாளர்கள் உங்கள் பெயரையும் வரி எண்ணையும் அறியக் கேட்கும் டபிள்யூ-9 படிவத்தில், ஒரே உறுப்பினர் கொண்ட எல்.எல்.சி. உரிமையாளர் முதல் வரியில் தம் பெயரையே எழுதி, தம் சொந்த எண்ணையே தர வேண்டும், எல்.எல்.சி.யின் எண்ணை அன்று. பெயரும் எண்ணும் பொருந்தாவிட்டால், பணம் தருபவர் அதில் 24 சதவீதத்தைப் பிடித்தம் செய்ய நேரலாம்.

தொழிலின் பெயரோ முகவரியோ மாறினால் புதிய எண் வேண்டியதில்லை. தனிநபர் தொழிலைக் கார்ப்பரேஷனாக மாற்றினால் வேண்டும். பொறுப்புள்ள நபர் மாறினால் 60 நாட்களுக்குள் 8822-பி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தொழிலையே கைவிட்டாலும் எண் வேறு எவருக்கும் ஒதுக்கப்படாது. ஆனால் நிலுவையில் உள்ள படிவங்களை எல்லாம் தாக்கல் செய்துவிட்டு, கணக்கை மூடுமாறு ஐ.ஆர்.எஸ்.க்குக் கடிதம் எழுதினால்தான் அவர்களுடைய எதிர்பார்ப்புகள் நிற்கும். மாநிலப் பதிவைக் கலைப்பதும், மாநில வரிக் கணக்கை மூடுவதும் இதிலிருந்து தனித்தனியானவை.