அல்கலாய்டு: தமிழில் காரப்போலி

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நாலு பூத்தொட்டி இருந்தால் அதில் ஒன்று அநேகமாக நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி ஒதுக்குகிறவர்களும் உண்டு. மலாயில் கெமுந்திங் சினா. சொந்த ஊர் மடகாஸ்கர். புற்றுநோய் மருந்து பற்றிய கட்டுரையில் இந்தச் செடி வந்தால் ‘அல்கலாய்டு’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடும்.

பெரும்பாலும் செடிகளில் உருவாகும், நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மங்களுக்கான பொதுப்பெயர் அது. பலவும் கசக்கும், உடம்பில் வேலை காட்டத் துளி போதும். காப்பிக்கடையில் நாம் குடிக்கும் கோப்பி-ஓவின் (பால் சேர்க்காத காப்பி) காஃபீன், புகையிலையின் நிகோட்டின், சிங்கோனா பட்டையின் குயினைன், அபினியின் மார்ஃபீன் எல்லாம் இதே குடும்பம்.

1819இல் பெயர் வைத்தவர் கார்ல் மைஸ்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர். அரபியில் ‘அல்-கலி’ என்றால் உப்புநிலச் செடிகளை எரித்த சாம்பல்; அதிலிருந்துதான் ஆங்கில ‘அல்கலி’. ‘ஆய்டு’ என்பது கிரேக்கம்: ‘போன்றது’. சேர்த்தால், காரம் போன்றது.

தமிழில் காரப்போலி. நல்ல சொல் என்றே நினைக்கிறேன், ஆனால் இரண்டு பாதியுமே வாசகரைத் தடுக்கி விடும். காரம் என்றதும் மிளகாய் அரைத்த சாம்பால் துவையல் ஞாபகம் வரும். இங்கே சொல்வது சவர்க்காரத்தில் உள்ள காரம், அமிலத்துக்கு எதிரானது. ‘போலி’ என்றதும் போலி டாக்டர், போலிச் சான்றிதழ். பள்ளியில் படித்த முதற்போலி, கடைப்போலியை நினைத்துப் பாருங்கள்: ‘மஞ்சு’ ‘மைஞ்சு’ என்று வருவதில் மோசடி எதுவும் இல்லையே. ஒன்றைப் போல இருப்பது போலி, அவ்வளவுதான். உலோகப்போலியும் அப்படி வந்ததுதான்.

சரி, நித்தியகல்யாணிக்கு வருவோம். ஜமைக்காவில் அதன் இலையை நீரிழிவுக்குக் குடித்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. அந்த வழியில் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற காரப்போலி பிரித்தெடுக்கப்பட்டது. அப்புறம் வந்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்தாக இருக்கிறது. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நுண்குழல்கள் உண்டு. அவற்றை உருவாகவிடாமல் இந்தக் காரப்போலிகள் தடுப்பதால் செல் பாதியில் நின்று சாகிறது. நல்ல செல்லும் சேர்ந்தே அடிபடும்.

இலையில் இருப்பதோ மிக மிகச் சொற்பம், டன் கணக்கில் காய்ந்த இலைக்குச் சில கிராம்தான் தேறும். தாழ்வாரத்து இலையைக் கஷாயம் வைத்தால் புற்றுநோய் தீரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். மருந்து அளவு கிடைக்காது, மற்ற காரப்போலிகளின் நஞ்சுதான் வயிற்றுக்குள் போகும்.

எழுதும்போது முதல் இடத்தில் ‘அல்கலாய்டு எனும் காரப்போலி’ என்று போட்டுவிட்டு, பிறகு காரப்போலி என்றே தொடரலாம். வின்கிரிஸ்டின் போன்ற மருந்துப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். மருந்துச் சீட்டில் இருப்பதும் நாம் எழுதுவதும் ஒன்றாக இருக்கவேண்டும்.