உடையாத மரபணுவும் ஊமையாகும்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 74. பெருங்குடலின் வலது பக்கத்தில் இருந்த புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. பயாப்சி அறிக்கையின் கடைசியில் ஒரு வரி: "எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் காணப்படவில்லை." இது பரம்பரைப் புற்றுநோய் என்று யாரோ சொல்லிவிட, தங்கையின் கல்யாணப் பேச்சு நின்றுபோய் இருக்கிறது. சொந்தத்தில் ஒரு பெரியவர் குடும்ப சாபம் என்கிறார். மணவாளக்குறிச்சிக் கருமணல்தான் காரணம் என்கிறார் இன்னொருவர்.

கருமணலை முதலில் முடித்துவிடலாம். அந்தக் கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில், கதிர்வீசும் தோரியம் உண்டு, அங்கே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் உண்மை. இதே மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், கதிர்வீச்சு கூடிய இடத்தில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இனி அந்த அறிக்கை வரிக்கு வருவோம்.

பெருங்குடல் புற்று படிப்படியாக வளர்வது. ஏபிசி என்ற மரபணு பழுதாகிறது, குடலின் உள்தோலில் பாலிப் என்ற சின்ன முளை கிளம்புகிறது. கேராஸ் என்ற மரபணு மாறுகிறது, பாலிப் பெருக்கிறது. டிபி53 என்ற மரபணு போகிறது, புற்றாகிறது. ஃபியரான், வோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் 1990-ல் வரைந்த இந்த ஏணிதான் இன்றும் பாடம். ஆனால் நூறு கட்டிகளில் ஏறக்குறைய பதினைந்து வேறு வழியில் வருகின்றன. வாசகரின் அப்பாவுக்கு வந்தது அந்த வழி.

செல் பிளக்கும்போதெல்லாம், ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் நொதி, ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடத்தில் வழுக்கும். பத்து 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது விழும். இதைத் திருத்த நான்கு புரதங்கள் இரண்டு ஜோடியாக இயங்குகின்றன. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஜோடி பிழையைக் கண்டுபிடிக்கிறது. எம்எல்எச்1, பிஎம்எஸ்2 ஜோடி பிழையான இழையை வெட்டித் திருத்த வழி செய்கிறது. எம்எல்எச்1 இல்லாவிட்டால் பிஎம்எஸ்2 தனியாக நிலைக்காது, சிதைந்துவிடும். அறிக்கையில் இரண்டு பெயர் இருந்தாலும் தொலைந்தது பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்த ஒன்று எப்படித் தொலைந்தது? மரபணு எழுத்தே பிழையாகியிருக்கலாம். பிறவியிலேயே அப்படி இருந்தால் அதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். இன்னொரு விதமும் உண்டு. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது, ஆனாலும் அதிலிருந்து புரதம் வராது. பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற சானலை நினைத்துக்கொள்ளுங்கள். கரை உடையவில்லை, அணையில் தண்ணீரும் இருக்கிறது. தலைமடையில் ஷட்டரை இறக்கிவிட்டால் வயல் காய்ந்துதானே போகும்?

அந்த ஷட்டர் மிகச் சின்னது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்: மெத்தில் தொகுதி. டிஎன்ஏவில் 'சி'யை அடுத்து 'ஜி' வரும் இடத்தில் அந்த 'சி'யின் மேல் போய் ஒட்டுகிறது. எம்எல்எச்1-இன் தொடக்கப்பகுதியில் இந்த சி-ஜி ஜோடிகள் நெருக்கமாக நிற்கின்றன. நலமான செல்லில் அவை மெத்தில் ஒட்டாமல் திறந்தே இருக்கும். வரிசையாக மெத்தில் ஏறிவிட்டால், அதை அடையாளம் காணும் புரதங்கள் வந்து பற்றுகின்றன, டிஎன்ஏ இறுகச் சுருள்கிறது, மரபணுவைப் படிக்க வருகிற நொதிக்கு இடமில்லை.

இதில் வியக்கவைப்பது அடுத்த கட்டம். ஒட்டிய மெத்தில் அந்த ஒரு செல்லோடு போய்விடக் கூடாதா? போகாது. டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது புது இழை மெத்தில் இல்லாமல்தான் பிறக்கிறது. அப்போது ஒரு பக்கம் மெத்தில், மறுபக்கம் வெறுமை என்று அரைகுறையாக நிற்கும் சி-ஜி ஜோடிகளைத் தேடி டிஎன்எம்டி1 என்ற நொதி வருகிறது. பழைய இழையில் மெத்தில் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் எதிரே புது இழையிலும் ஒட்டுகிறது. கோலத்தின் ஒரு பாதியைப் பார்த்து மறுபாதியைப் போடுவது போல. ஆகவே பூட்டு அப்படியே மகள் செல்லுக்கும் பேத்தி செல்லுக்கும் போகிறது. எழுத்து மாறாமலே ஒரு குணம் அந்தக் குடல் செல்லின் வம்சத்தில் தொடர்கிறது!

குடலின் உள்தோல் நான்கைந்து நாளுக்கொரு முறை புதிதாகிறது. வாழ்நாள் முழுக்க அத்தனை பிளவுகள் நடக்கையில் மெத்தில் கோலமும் மெல்ல மெல்லத் தடம் மாறும். அதனால்தான் இந்த வகை முதுமையில் கூடுதலாக வருகிறது. பெருங்குடலின் வலது பக்கத்திலும், பெண்களுக்கும் இது கூடுதல். புகைபிடிப்பதும் இதனோடு தொடர்புடையது.

எம்எல்எச்1 ஊமையானதும் நிஜமான எழுத்துப் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. செல் வளர்ச்சிக்குத் தடை போடும் டிஜிஎஃப்-பீட்டா ஏற்பி மரபணுவில் பத்து 'ஏ' தொடர்ந்து வரும் இடம் ஒன்று உண்டு. அதில் ஒன்று வழுக்கினால் அதற்குப் பிறகு வரும் வாசிப்பு முழுவதும் பிசகி, தடை போய்விடும். உடையாத மரபணு ஒன்று வாய்மூடியதால் வேறு மரபணுக்கள் உண்மையாகவே உடைகின்றன.

இனிப் பரிசோதனை. கட்டியின் நான்கு மைக்ரான் சீவலில் நான்கு புரதங்களுக்கும் சாயமேற்றுவது முதல் படி. புரதம் இருந்தால் செல் உட்கரு பழுப்பாகும். அதே சீவலில் உள்ள நலமான செல்களும் வெள்ளணுக்களும் கட்டாயம் பழுப்பாக வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் சோதனைதான் தோற்றது, புரதம் இல்லை என்று எழுதக் கூடாது. வெட்டியெடுத்த குடலைத் திறக்காமல், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் போதிய அளவு இல்லாமல், நேரம் கடத்தி வைப்பதால் இது நடக்கும். குடலைப் பிளந்து, பத்து மடங்கு ஃபார்மலினில், 6 முதல் 72 மணி நேரம் வைப்பதே முறை.

எம்எஸ்எச்2 அல்லது எம்எஸ்எச்6 இல்லையென்றாலும், பிஎம்எஸ்2 மட்டும் இல்லையென்றாலும், நேராகப் பிறவி மரபணுச் சோதனைக்குப் போக வேண்டும். எம்எல்எச்1-உம் பிஎம்எஸ்2-உம் சேர்ந்து இல்லையென்றால் கட்டியில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் லிஞ்ச் என்பதற்கு அநேகமாக இடமில்லை. இல்லாவிட்டால் அதைக்கொண்டு லிஞ்ச் என்று முடிவு கட்டவும் கூடாது. மெத்தில் சோதனை தேவை. டிஎன்ஏவை சோடியம் பைசல்ஃபைட்டில் சூடாக்கினால் மெத்தில் இல்லாத 'சி' யுராசில் என்ற வேறு எழுத்தாகி, பிறகு 'டி' என்று படிக்கப்படும். மெத்தில் உள்ள 'சி' அப்படியே நிற்கும். இந்த மாற்றம் அரைகுறையாக நடந்தால் இல்லாத மெத்தில் இருப்பது போலத் தெரியும். ஃபார்மலினில் கிடந்த டிஎன்ஏ ஏற்கெனவே துண்டுபட்டது, பைசல்ஃபைட் அதை மேலும் நொறுக்கும். சீவலில் கட்டி செல்கள் குறைவாக இருந்தால் நேர்மாறாக, இருக்கும் மெத்தில் மறைந்துபோகும். கட்டியுள்ள பகுதியைச் சரியாகச் சுரண்டியெடுப்பதில்தான் பாதி வெற்றி.

இந்த நான்கு சாயச் சோதனைகளை ஒவ்வொரு பெருங்குடல் புற்று நோயாளிக்கும் அரசுச் செலவில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குடும்பத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தக் கட்டிகளுக்கு நோயின் இரண்டாம் கட்டத்தில் ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்து மட்டும் தருவதால் பெரிய பலனில்லை. பரவிய நிலையில் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து நன்றாகக் கேட்கும். நான்கு சாயம் பார்க்காமல் மருந்து எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

சாபம் என்ற பேச்சை நான் வெறுப்பதற்கும் காரணம் உண்டு. லிஞ்ச் குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எம்எல்எச்1 பிழை உள்ளவர்கள் 20–25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கொருமுறை கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டால் கட்டியை முளையிலேயே எடுத்துவிடலாம். பெண்களுக்குக் கருப்பையையும் கவனிக்க வேண்டும். சாபம் என்று மறைக்கிற வீட்டில் இது எதுவும் நடக்காது.

வாசகருக்குப் பதில்: 74 வயது, வலது பக்கம், எம்எல்எச்1-உம் பிஎம்எஸ்2-உம் சேர்ந்து இல்லை. இந்த அமைப்பில் பெரும்பாலும் இருப்பது பிள்ளைகளுக்கு இறங்காத மெத்தில் பூட்டுதான். அப்பாவின் கட்டி மெழுகுக் கட்டையில் ஆஸ்பத்திரியில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி முதலில் பிராஃப், தேவைப்பட்டால் மெத்தில் சோதனை செய்யுங்கள். இரண்டிலும் ஒன்றும் வராவிட்டால் அப்பாவின் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அதில் பிழை தெரிந்தால்தான் உங்களுக்கும் தங்கைக்கும் ரத்தம் எடுக்க வேண்டிவரும். அதுவரை கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை.