களத்திலிருந்து திரும்பியவரைப் பேசு பேசு என்று நெருக்காதீர்கள்

பேரிடர் நிவாரணப் பணிக்குப் போய் வந்தவர்கள் மனநல ஆலோசனைக்கு வருவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அவர்களில் பலர் ஒரே விஷயத்தைச் சொல்லக் கேட்டுக் கேட்டு, எழுதியே தீர வேண்டும் என்றாகிவிட்டது.

அண்மையில் வந்த பெண் முகாமின் சமையல் வேலையில் இருந்தவர். இடிபாடுகள் பக்கமே போகவில்லை. ஆனால் கண்ணை மூடினால், சேற்றுக்கு வெளியே ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருப்பது தெரிகிறதாம். அவர் பார்க்காத கை அது. ஓர் இரவு ஒருங்கிணைப்பாளர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, "பார்த்ததையெல்லாம் கொட்டிவிடுங்கள், பாரம் குறையும்" என்றிருக்கிறார். சடலம் எடுத்த இளைஞர் வேண்டாம் என்று மறுத்திருக்கிறார். விடவில்லை. சொல்லி முடித்தவர் வெளியே போய் வாந்தி எடுத்தாராம். உட்கார்ந்து கேட்ட இந்தப் பெண்ணுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் 'கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது போக மாட்டேன் என்கிறது. எங்கள் துறையே ஒரு காலத்தில் இதை நம்பியது. 1983-இல் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் அவசர சேவைப் பணியாளர்களுக்காக எழுதிய குழு அமர்வு முறை பல நாடுகளுக்குப் பரவியது. பிறகு, சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறைகளைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அது பின்னால் வரும் மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சில ஆய்வுகளில், பேச வைக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், யாரையும் நெருக்கிப் பேச வைக்காதீர்கள் என்றே சொல்கிறது. அவராகப் பேசினால் காது கொடுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். அவ்வளவுதான்.

சரி, பேச வைக்கக் கூடாது என்றால் வேறு எதுதான் உதவும்? கூட வேலை செய்தவர்கள்தான். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மீட்புப் பணி செய்தவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. மன அதிர்ச்சி நோய் காவலர்களிடம் 6.2 சதவீதம், எந்த அமைப்பையும் சேராத தன்னார்வலர்களிடம் 21.2 சதவீதம். பயிற்சி ஒரு காரணம். என் அனுபவத்தில் இன்னொன்றும் உண்டு: காவலர் மறுநாளும் அதே ஆட்களோடு வேலைக்குப் போகிறார். தன்னார்வலர் தனியாக பஸ் ஏறி, எதுவும் புரியாத வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார்.

ஆகவே ஒருங்கிணைப்பாளர்களே, முதல் நாளே இருவர் இருவராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். சடலம் எடுக்கும் வேலையில் புதியவரைக் கேட்காமல் இறக்காதீர்கள். முடியாது என்று சொல்பவரைக் கோழை என்று பேசாதீர்கள். உடல்களின் படத்தைக் குழுவில் போடவே போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். களத்தில் அவர்களுக்குள் சிரித்துக்கொள்வதைப் பார்த்து, "இந்த நேரத்தில் சிரிப்பா?" என்று சீறாதீர்கள். பல நேரம் அந்தச் சிரிப்புதான் அவர்களை நிற்க வைக்கிறது. முகாம் கலைந்த பிறகு ஒரு வாரத்திலும், மறுபடி ஒரு மாதத்திலும் ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள்.

களத்திலிருந்து திரும்பியவர்களே, தூங்குவதற்காகக் குடிக்காதீர்கள். மற்றவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். சக டாக்டர்களுக்கும் ஒன்று: அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் திடுக்கிடல், தூக்கமின்மை போன்ற அறிகுறிகளுக்கு பென்சோடயசெபைன் (பதற்றம் தணிக்கவும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரை வகை) வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது.

முதல் சில வாரங்கள் கனவு, திடுக்கிடல், எரிச்சல் எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். வர மறுக்கிறவர்கள் முகாமில் கூட இருந்தவர் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள், பார்த்திருக்கிறேன். அப்பாயின்ட்மென்ட்டை நீங்களே வாங்கி, கூடவே வாருங்கள். உள்ளே வந்து எதுவும் சொல்ல வேண்டாம், வெளியே காத்திருந்தால் போதும்.