நடைபேசி அன்று, செலுத்திவாங்கி

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றை அண்மையில் வாசித்தேன். படைவீரன் முதுகில் ‘நடைபேசி’யைச் சுமந்துகொண்டு ஓடுகிறான். கவச வாகனத்துக்குள் உட்கார்ந்திருப்பவனும் ‘நடைபேசி’யில் பதில் சொல்கிறான். அடுத்த பக்கத்தில் அதே கருவி ‘இராணுவ வானொலி’ ஆகிவிடுகிறது. அதைக் கையாள்பவன் ‘வானொலி இயக்குநர்’ ஆகிறான். பேச்சில் நாம் ‘வோக்கி டோக்கி’ என்கிற வகைக் கம்பியில்லாக் கருவிதான் இது. மூன்று பெயர்களும் பிழை. தொலைக்காட்சித் துணைத்தலைப்புகளிலும் மாணவர்களுக்கான பொது அறிவுக் கையேடுகளிலும் இதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆங்கில மூலச் சொல் ‘டிரான்ஸீவர்’. செலுத்தியைக் குறிக்கும் ‘டிரான்ஸ்மிட்டர்’ என்பதன் தலையையும், வாங்கியைக் குறிக்கும் ‘ரிசீவர்’ என்பதன் வாலையும் ஒட்டிச் செய்தது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் மட்டும் போதாது. அன்ரெனா முதலான உறுப்புகளை இரண்டும் பொதுவில் வைத்திருக்க வேண்டும். களத்தில் பயன்படும் கருவிகளில் பொத்தானை அமுக்கினால் செலுத்தும், விட்டால் வாங்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யாது.

‘நடைபேசி’ எங்கிருந்து வந்தது? ‘வோக்கி டோக்கி’ என்ற பட்டப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது. அந்தப் பட்டப்பெயருக்கு அதன் காலத்தில் பொருள் இருந்தது. அதற்கு முன்னர் படையின் கம்பியில்லாக் கருவிகள் பெரும்பாலும் வாகனத்திலோ கூடாரத்திலோ கிடந்தன. நடந்துகொண்டே பேசுவது புதுமையாக இருந்தது. கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் 1937இலும், அமெரிக்காவில் ஆல் குரோஸ் 1938இலும் ஆள் தூக்கிச் செல்லக்கூடிய கருவிகளைச் செய்தார்கள். பட்டப்பெயர் உலகெங்கும் பரவியது அமெரிக்கப் படையின் எஸ்.சி.ஆர். 300 என்ற முதுகுப் பெட்டியுடன். பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாற்றிக்கொண்ட கல்வின் நிறுவனத்தில் டானியல் நோபிளும் போலந்துப் பொறியியலாளர் ஹென்றிக் மாக்னுஸ்கியும் அதன் வடிவமைப்பில் முன்னின்றார்கள். பற்றரியோடு எடை ஏறக்குறைய 16 கிலோகிராம். 40 முதல் 48 மெகாஹேர்ட்ஸ் வரை 41 அலைவரிசைகள். எட்டும் தூரம் சுமார் 5 கிலோமீற்றர். எப்.எம். எனப்படும் அதிர்வெண் பண்பேற்றத்தில் இயங்கியதால் இரைச்சல் குறைவாகவும் குரல் தெளிவாகவும் இருந்தது.

கையில் பிடிக்கும் கருவி வேறு. எஸ்.சி.ஆர். 536 என்ற அது ஐந்து வால்வுகளை, அதாவது வெற்றிடக் குழல்களைக் கொண்டது, எடை 2.3 கிலோகிராம் அளவில். அன்ரெனாவை வெளியே இழுத்தால்தான் உயிர் பெறும். தரையில் ஒன்றரைக் கிலோமீற்றர் எட்டினால் அதிகம். அதற்கு வழங்கிய பெயர் ‘ஹேண்டி டோக்கி’. ஆக, அன்றைய ‘வோக்கி’ முதுகில் ஏறியது; கையில் இருந்தது ‘ஹேண்டி’. இன்று நம் பொலிஸாரும் காவலாளிகளும் கையில் வைத்திருப்பது இரண்டாவதன் வழிவந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதுதான் முறை என்றால் முன்னதை நடைபேசி என்றும் பின்னதைக் கைபேசி என்றும் எழுத வேண்டும். கைபேசி என்ற சொல்லோ வேறொரு கருவிக்குப் போய்விட்டது. பட்டப்பெயரைப் பெயர்க்கிறவர்கள் எந்தக் கருவிக்கு அந்தப் பட்டம் என்று ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய எதிர்ப்பு ‘பேசி’ என்ற பின்பாதிக்கு. தொலைபேசி, அலைபேசி, செல்லிடப்பேசி என்ற வரிசையில் நடைபேசியும் சேரும்போது, வாசிப்பவர் மனத்தில் எண்ணை அழுத்தி ஒருவரை அழைக்கும் கருவி வந்து நிற்கிறது. களக் கருவிக்கு அழைக்க எண் கிடையாது. ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும், பகைவர் உட்பட. இதில் குறிப்பெயர்களும் சங்கேத மொழியும் பயன்படுவது அதனால்தான். நடைபேசி என்று எழுதிவிட்டால், வீரன் ஏன் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் எண்களாகப் பேசுகிறான் என்பது வாசகருக்கு விளங்காது.

திருகோணமலையில் இதை விளக்கத் தூரம் போக வேண்டியதில்லை. ஆழ்கடலுக்குப் போகும் நம் மீனவர்கள் இதைச் ‘செட்’ என்பார்கள். கடலில் ஆபத்து வந்தால் 16ஆம் அலைவரிசையில், அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸில், குரல் கொடுக்கிறார்கள். யாருக்கு என்று பார்த்துக் கொடுப்பதில்லை. எட்டும் தூரத்தில் அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் எந்தப் படகும் கப்பலும் கேட்கும். தொலைபேசியால் அதைச் செய்ய முடியாது.

‘வானொலி’யும் பொருந்தாது. வானொலி என்றால் தமிழருக்கு நிகழ்ச்சி கேட்கும் பெட்டி, அல்லது ஒலிபரப்பும் நிலையம். திருகோணமலை நகருக்கு வடக்கே டொய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் மறு ஒலிபரப்பு நிலையம் நெடுங்காலம் இயங்கியது. அங்கிருந்த பெருங்கம்பங்கள் செலுத்தின. வீட்டுப் பெட்டி வாங்கியது. இரு வேலைகளும் இரு இடங்களில் நடந்தன. ‘இராணுவ வானொலி’ என்று எழுதினால் இராணுவம் நடத்தும் ஒலிபரப்புச் சேவை என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். ‘வானொலி இயக்குநர்’ என்றால் அந்த நிலையத்தின் தலைமை அதிகாரி! களத்தில் கருவியைத் தோளில் சுமப்பவர் சமிக்ஞையாளர். படையில் சமிக்ஞைப் படையணி என்ற பெயர் இருக்கும்போது இந்தச் சொல்லை ஏன் தேட முடியவில்லை?

மாற்றாகச் சிலர் ‘செலுத்துப்பெறுவி’ என்கிறார்கள். செய்வி, வருவி போலப் ‘பெறுவி’ பிறவினை. பெறச் செய் என்று பொருள் தரும். ‘செலுத்துப்பெறுநர்’ இன்னும் மோசம். பெறுநர் என்பவர் கடிதத்தின் மேலே முகவரியோடு எழுதப்படும் ஆள். ‘பரிமாற்றி’ என்று சுருக்குகிறவர்களும் உண்டு. எதை எதனோடு பரிமாற்றுகிறது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை.

நான் எழுதுவது ‘செலுத்திவாங்கி’. வாங்கி என்பது ஒலிவாங்கி வழியாக நமக்குப் பழகியது, செலுத்தியும் அப்படியே. செலுத்தி, வாங்கி என்று இரண்டு பெயர்களாகவும் இதைப் பிரிக்கலாம். செலுத்தி என்பதை வினையெச்சமாகக் கொண்டு, முதலில் செலுத்தி அதன்பின் வாங்குவது என்றும் படிக்கலாம். பொத்தானை அமுக்கி விடுகிற கருவி செய்வதும் அதுதான். ‘செலுத்துவாங்கி’ என்று எழுதினால் இந்த முன்பின் உணர்வு போய்விடும். கிளைப்பெயர்களும் இதிலிருந்து இயல்பாக வரும்: முதுகுச் செலுத்திவாங்கி, கைச் செலுத்திவாங்கி, வாகனச் செலுத்திவாங்கி. வியட்நாம் போர்க்கால அமெரிக்கக் கருவியான பி.ஆர்.சி. 25இல் ஒரே ஒரு வால்வு மிஞ்சியிருந்தது. அதையும் டிரான்சிஸ்டராக மாற்றியதால் பி.ஆர்.சி. 77 வந்தது. உள்ளே எது மாறினாலும் இரண்டும் முதுகுச் செலுத்திவாங்கிகளே.

இந்தச் சொல் கையில் இருந்தால் வேறு இரண்டு மொழிபெயர்ப்புகளும் நேராகும். பகைவருக்கு இடம் தெரியாதிருக்க அலை அனுப்புவதை நிறுத்தும் கட்டளையை ‘வானொலி மௌனம்’ என்கிறார்கள். நிற்பது செலுத்தல் மட்டும், வாங்கல் தொடர்கிறது. ‘செலுத்தல் தடை’ என்றால் அது தெளிவு. மற்றது ‘ஓவர்’. துணைத்தலைப்பில் ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் ‘முடிந்தது’ என்று போடுகிறார்கள். ‘ஓவர்’ என்றால் நான் பேசிவிட்டேன், நீ பேசு என்று பொருள். உரையாடலே முடிந்ததென்றால் ‘அவுட்’ என்பார்கள். காயப்பட்டவன் உதவி கேட்டுவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்வதாகப் படித்தால் அவன் இறந்துவிட்டான் என்றல்லவா தோன்றும்! ‘சொல்லுங்கள்’ என்று போடலாம்.

பேச்சில் ‘வோக்கி’ இருக்கட்டும். போர்க்காலம் முழுவதும் வடக்குக் கிழக்கில் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல் அது. கதையில் ஒரு பாத்திரம் அப்படிச் சொன்னால் அதை நடைபேசி என்று திருத்தக் கூடாது. கருவியை விளக்கும் கட்டுரைக்கும் பாடநூலுக்கும்தான் செலுத்திவாங்கி வேண்டும்.