சிக்கலா, பின்னலா? ‘காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

நாகர்கோவிலில் மெய்ப்புப் பார்த்தும் மொழிபெயர்த்தும் காலம் தள்ளுகிறவன் நான். மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று என்னிடம் வந்தது. மக்கள் நல்வாழ்வுத் திட்டங்களை எப்படி மதிப்பிடுவது என்பது பொருள். தலைப்பிலேயே ‘காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ்’ என்று நின்றது. அகராதி சொன்னபடி ‘சிக்கலான அமைப்புகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குலசேகரம் பக்கம் வேலை செய்யும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, நாங்கள் வேலை பார்ப்பது சிக்கலான அமைப்பு என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அதற்கு எதற்கு இரண்டு நாள் பயிற்சி?” என்று கேட்டார்.

சிரித்தேன். ஆனால் பிழை அவருடையதல்ல, நான் போட்ட சொல்லுடையது.

சிக்கல் என்பது ‘சிக்கு’ என்பதிலிருந்து வருவது. தலைமுடியில் சிக்கு விழும், நூற்கண்டில் சிக்கு விழும். கூடவே வரும் வினைகளைப் பாருங்கள்: சிக்கெடுக்கிறோம், சிக்கறுக்கிறோம், சிக்கலைத் தீர்க்கிறோம். இருக்கக் கூடாத ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, அதை நீக்கினால் பழைய ஒழுங்கு திரும்பிவிடும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ‘சிக்கலான அமைப்பு’ என்றால் கெட்டுப்போன அமைப்பு என்றுதான் காதில் விழும்.

மூலச் சொல்லின் கதை வேறு. உறுப்புகள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டைத்தான் அது குறிக்கிறது. ‘காம்ப்ளெக்ஸ்’ என்பதன் அடியில் இருப்பது ‘பிளெக்டெரே’ என்ற லத்தீன் வினை. பின்னுதல், முடைதல் என்பது அதன் பொருள். அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் ‘காம்ப்ளிகேட்டட்’ என்பதற்கோ ‘பிளிகாரே’, அதாவது மடித்தல். மடித்ததைப் பொறுமையாக விரித்துவிடலாம். பின்னியதை விரித்தால் கையில் கீற்றுதான் மிஞ்சும், பொருள் இராது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் மதகு எப்படித் திறக்கிறது என்பது மடிப்பு. வரைபடம் வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் விளக்கிவிடுவார். அந்தத் தண்ணீரைத் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது பின்னல். ஒருவர் அரை நாள் கூடுதலாகத் திருப்பினால் அடுத்தவர் நாற்றங்காலைத் தள்ளிப்போடுவார். அவர் தள்ளிப்போட்டால் அறுப்புக்கு வேண்டிய ஆள் கிடைப்பது மாறும்.

பக்கத்து மலையாளத்தில் இதைச் ‘சங்கீர்ணம்’ என்கிறார்கள். திருவனந்தபுரத்து வானொலி கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமில்லை. ஆனால் தமிழில் அந்தச் சொல் ஒன்பது அட்சரத் தாளத்தோடு இசைக்காரர் வீட்டில் தங்கிவிட்டது. அங்கேயே இருக்கட்டும்.

எதிர்வீட்டு அக்கா பனையோலைப் பெட்டி முடைகிறவர். ஒருநாள் பாதிப் பெட்டியில் ஒரு கீற்று காய்ந்து ஒடிந்துவிட்டது. உருவி எறிந்துவிட்டு வேறு போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உருவவில்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த புதுக் கீற்றை எடுத்து, ஒடிந்ததன் மேலேயே ஒட்டினாற்போல் செருகி, இரண்டு மூன்று கண்ணி தள்ளிக் கொண்டுபோனார். அப்புறம் அந்தக் கீற்றைத் தொடவே இல்லை. இடமும் வலமும் இருந்த கீற்றுகளைத்தான் நகத்தால் நெருக்கி இறுக்கினார். “உருவினால் பெட்டி வாய் கோணிவிடும்” என்றார். நான் தேடிக்கொண்டிருந்த சொல் அந்தத் திண்ணையில் கிடந்தது.

முடைதல் என்பதிலிருந்தே சொல் செய்திருக்கலாம்தான். ஆனால் ‘முடை’ என்றதும் பணமுடையும் முடைநாற்றமும் நினைவுக்கு வந்துவிடும். பின்னல் பாதுகாப்பானது. சடையும் பின்னுகிறோம், வலையும் பின்னுகிறோம். நோய்க்குத் தமிழில் ‘பிணி’ என்று இன்னொரு பெயர் உண்டு, அதே சொல்லுக்குக் கட்டு என்ற பொருளும் உண்டு என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

அடுத்து ‘சிஸ்டம்’. கிரேக்கத்தில் ‘சுஸ்தேமா’, சேர்ந்து நிற்பது என்பது அடிப்பொருள். நம் ஊரில் கம்ப்யூட்டரும் சிஸ்டம், கெட்டுப்போன அரசாங்கமும் சிஸ்டம். பள்ளிப் பாடநூல் ‘செரிமான மண்டலம்’ என்கிறது, இலங்கைத் தமிழர் ‘சமிபாட்டுத் தொகுதி’ என்பார்கள். இங்கே தொகுதி என்றால் தேர்தல் வந்துவிடும். அமைப்பு என்றால் ஒருவர் திட்டம் போட்டு அமைத்தது, அல்லது ஒரு சங்கம். எனக்குப் பிடித்தது ‘முறைமை’. காரணம் ‘முறை’ என்ற சொல்தான். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம், அங்கே அது ஒழுங்கு. கல்யாண வீட்டில் “அவர் உனக்கு என்ன முறை?” என்று கேட்கிறோம், அங்கே அது உறவு. ஒழுங்கும் உறவும் ஒரே சொல்லில் கிடைப்பது எத்தனை மொழியில் வாய்க்கும்? சிஸ்டத்தில் பார்க்க வேண்டியது உறுப்புகளை மட்டுமல்ல, எது எதற்கு என்ன முறை என்பதை. ஆகவே பின்னல் முறைமை.

கையேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டும் வேண்டியிருந்தது. அதற்கு அந்தச் செவிலியரோடு ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் போனேன். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் பெரும்பாலும் எங்கள் குமரி மாவட்டம்தான். மரத்துக்கு மரம் பால் வடியச் சிரட்டையோ பிளாஸ்டிக் கிண்ணமோ கட்டியிருக்கும். வெட்டு என்றால் மரத்தைச் சாய்ப்பதல்ல, பாலுக்காகப் பட்டையைக் கீறுவது. வெட்டு நடக்கும் தோட்டத்தில் விடியுமுன் வெட்டி, சில மணி நேரத்தில் பால் எடுத்துவிடுவார்கள். சிரட்டையில் ஆளின் கை பட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் போனது வெட்டு நின்றுபோன தோட்டம். அவர் ஒரு சிரட்டையைச் சாய்த்துக் காட்டினார். இரண்டு விரற்கடை மழைத்தண்ணீர், அடியில் மக்கிய இலை, நடுவே நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போகும் கொசுப்புழுக்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு தொழிலாளி முந்நூறு மரத்துக்கு மேல் பார்ப்பார் என்றால், அவர் வராத ஒரு மழைக்காலத்தில் எத்தனை சிரட்டை நிரம்பும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்தத் தொழிலாளி ஏன் வரவில்லை? 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை ஏறிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அப்படி விலை விழும்போது வெட்டுக்கூலி கட்டுப்படியாகாமல் உரிமையாளர் மரத்தைச் சும்மா விட்டுவிடுவார். சிரட்டையை யாரும் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். உலகச் சந்தையில் ஒரு விலை சரிவதற்கும் குலசேகரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடிப்பதற்கும் நடுவே ஓர் ஓலைக் கீற்று ஓடுகிறது. எந்தச் சுகாதாரத் திட்டத்தின் படிவத்திலும் ரப்பர் விலைக்குக் கட்டம் கிடையாது.

இனி ‘இன்டர்வென்ஷன்’, அதாவது நிலைமையை மாற்ற நாம் எடுக்கும் நடவடிக்கை. நடுவே வருதல் என்பது லத்தீன் பொருள். தமிழில் மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. ‘தலையீடு’ என்றால் வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பது. ‘குறுக்கீடு’ என்றால் தடை. மிஞ்சுவது ‘இடையீடு’. பழைய அகராதிகள் இதற்கும் தடை என்ற பொருள் தருகின்றன என்பது உண்மைதான். இருந்தும் இடையே இடுவது என்று பிரித்துப் பார்த்தால், அக்கா செருகிய புதுக் கீற்று கண்ணுக்குத் தெரிகிறது. ‘இடு’ நீண்டு ‘ஈடு’ ஆனது, சுடு சூடு ஆனதுபோல, கெடு கேடு ஆனதுபோல. இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர். ‘மதிப்பீடு’ என்பதிலும் அதே ஈடுதான். இடையே இட்டதற்கு மதிப்பு இடுவது என்று இரண்டு ‘இடு’வும் கூடிவருவது என் மனத்துக்கு நிறைவாக இருந்தது. ‘பாலிசி’க்குக் கொள்கை என்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கொள்வது கொள்கை, எல்லாருக்கும் தெரிந்த சொல்.

மதிப்பீட்டில்தான் பின்னலுக்கும் சிக்கலுக்கும் உள்ள வேறுபாடு காசு பெறும். டெங்குத் தடுப்பில் புழங்கும் பிரெட்டோ குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். நூறு வீட்டைச் சுற்றிப் பார்த்து, புழு இருக்கும் கொள்கலன் எத்தனை என்று எண்ணுவது. தொட்டியில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினார்கள், புகை அடித்தார்கள், குறியீடு இறங்கியது, திட்டம் வெற்றி. சிக்கெடுப்பவரின் கணக்கு இது, தவறான கணக்கும் அல்ல. ஆனால் வீட்டை அலகாக வைத்ததால் தோட்டம் அதில் விழாது. வீட்டுக்குள்ளே வாழப் பழகிய ஏடிஸ் எஜிப்டி குறைந்திருக்கும். செடிகொடிக்குள் வாழும் புலிக்கொசு, அதாவது ஏடிஸ் அல்போபிக்டஸ், தோட்டத்தில் பெருகிக்கொண்டிருக்கும். குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை வந்தால் டிரம்மை மூடு, காலி செய் என்று எத்தனை முறை சொன்னாலும் மக்கள் தண்ணீர் பிடித்துத்தான் வைப்பார்கள். ஒரே மருந்தை வருடக்கணக்கில் ஊற்றினால் புழு அதைத் தாங்கப் பழகிவிடும். நூல் சிக்கு ஒருநாளும் நம் விரலைப் பார்த்துத் தன் முடிச்சை மாற்றிக்கொள்வதில்லை, கொசு மாற்றிக்கொள்கிறது.

விளைவு திரும்பி வந்து காரணத்தையே மாற்றும் இந்தச் சுற்றுக்குப் ‘பின்னூட்டம்’ என்று பெயர். வலைப்பதிவுக் காலத்தில் வாசகர் கருத்துக்கு இந்தச் சொல்லைப் பிடித்துப் போட்டார்கள், அது அதற்குள் பாதி தேய்ந்துவிட்டது. உண்மையான பின்னூட்டம் இப்படி இருக்கும்: காய்ச்சல் குறைகிறது, அதனால் கொசுப் பணியாளர்கள் வருவது குறைகிறது, வீட்டுக்காரரின் கவனமும் தளர்கிறது, அடுத்த மழைக்குக் காய்ச்சல் ஏறுகிறது. எந்த மாதத்தில் அளந்தோம் என்பதைப் பொறுத்து அதே திட்டம் வெற்றியாகவும் தெரியும், தோல்வியாகவும் தெரியும்.

இது நம் ஊரில் மட்டும் உறைத்த விஷயமல்ல. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இத்தகைய இடையீடுகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டியை 2000-இல் முதலில் வெளியிட்டது. 2021-இல் அதைப் புதுப்பித்தபோது, ‘திட்டம் பலித்ததா’ என்ற கேள்வி மட்டும் போதாது, அது போய்ச் சேர்ந்த முறைமையும் திட்டமும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்றும் கேட்கச் சொன்னது. மாத்திரைக்கு வேண்டுமானால் பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தண்ணீர் வரும் நாளை மாற்றுவதும், சந்தையை இடம் மாற்றுவதும், சாராயக் கடையை மூடுவதும் மாத்திரை அல்ல.

தலைப்பில் மிஞ்சியது ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’. அதில் உள்ள கடைசிச் சொல்லுக்குச் ‘சிந்தனை’ என்று போட்டால் நாற்காலியில் சாய்ந்து யோசிப்பதுபோல் இருந்தது. ‘நோக்கு’ என்று மாற்றினேன். திருத்திய தலைப்பு: ‘மக்கள் நல்வாழ்வு இடையீடுகளும் கொள்கைகளும்: பின்னல் முறைமை நோக்கில் ஒரு மதிப்பீடு’. கொஞ்சம் நீளம்தான்.

மெய்ப்புப் படியை அதே செவிலியரிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னிணைப்பில் இருந்த கணக்கெடுப்புப் படிவத்தில், ‘புழு உள்ள கொள்கலன்கள்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். அதன் தலையில் எழுதியிருந்தது: ‘பக்கத்துத் தோட்டத்தில் வெட்டு நடக்கிறதா?’