பொக்கற்றுக்குப் பின்னால் இன்னும் புதுசு: உடுப்பு ஏன் மங்குகிறது, எப்படி மீட்பது

நாலைந்து வருடம் உடுத்த ஒரு பருத்திச் சட்டையை எடுத்து, பொக்கற்றின் ஒரு மூலைத் தையலைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பாருங்கள். பொக்கற் மறைத்திருந்த துணியில் கடையில் வாங்கிய நாளின் நிறம் அநேகமாக அப்படியே இருக்கும். அதையே தோள்ப்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டும் வேறு வேறு துணிபோலத் தெரியும். இரண்டுக்கும் ஒரே வயது, இரண்டும் ஒரே தடவைகள்தான் தோய்க்கப்பட்டன. தோள் வெயிலையும் உராய்வையும் வாங்கியது, பொக்கற்றின் பின்புறம் வாங்கவில்லை.

இப்போது இரண்டு இடங்களையும் தண்ணீரால் நனையுங்கள். நனைந்ததும் இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் சாயம் போகவில்லை என்று அர்த்தம். துணியின் மேற்பரப்பில் எழும்பிய மெல்லிய நார்களும் படிந்த பொருட்களும் வெளிச்சத்தைச் சாயத்துக்குள் போகவிடாமல் மேலேயே சிதறடிக்கின்றன, அதனால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீர் அந்த இடைவெளிகளை நிரப்பும்போது சிதறல் குறைந்து உள்ளிருக்கும் நிறம் வெளியே வருகிறது. நனைந்த பிறகும் தோள் வெளிறியே இருந்தால் சாய மூலக்கூறுகளை வெயில் உடைத்துவிட்டது. முதல்வகைச் சட்டைக்குச் சுத்தம் போதும், இரண்டாம் வகைக்குச் சாயம் வேண்டும். அலுமாரியில் உள்ளதையெல்லாம் கழித்துவிட்டுப் புதிதாக வாங்க நினைப்பவர் முதலில் இந்த ஈரச் சோதனையைச் செய்தால், கழிக்க வைத்த குவியல் கணிசமாகச் சிறுக்கும்.

யாழ்ப்பாணத்தில் முதல் குற்றவாளி கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது, நிலத்தடி நீர் பெரும்பாலும் மயோசின் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்குவதால் கல்சியம் நிறைந்த வன்னீராகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கட்டிபடுகிறதே, அதே கல்சியம்தான் உடுப்பிலும் ஏறுகிறது. சவர்க்காரம் கல்சியத்தோடு சேரும்போது தண்ணீரில் கரையாத, பிசுபிசுப்பான ஒரு சவர்க்காரக் கசடு உண்டாகிறது. அது நார்களுக்கிடையில் ஒட்டிக்கொண்டு அழுக்கைப் பிடித்து வைக்கும். வெள்ளை பழுப்பாகும், நிறத்துணி தூசி படிந்ததுபோலாகும், துவாய் காய்ந்ததும் மட்டைபோல விறைக்கும். கட்டிச் சவர்க்காரம் எவ்வளவு கூடப் போட்டாலும் கசடும் அவ்வளவு கூடும்.

இதைக் கழற்ற இரண்டு படி வேண்டும். முதலாவது அமிலம். பத்து லீற்றர் தண்ணீருக்கு 250 மில்லிலீற்றர் வெள்ளை வினாகிரி விட்டு, தோய்த்த உடுப்பை ஒரு மணித்தியாலம் ஊற வையுங்கள். அரைக் கோப்பை போதும் என்று சொல்வது மென்னீர் உள்ள ஊருக்குச் சரி. எங்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பே வினாகிரியின் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம்தான் துணிக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த மழைநீர் என்றால் பாதியளவே போதும். அமிலம் கல்சியத்தைப் பிரித்தெடுத்தாலும் கசட்டின் கொழுப்புப் பகுதி துணியிலேயே நிற்கும். பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வினாகிரி வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஆகவே இரண்டாம் படியாக, கை பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் சலவைத்தூள் போட்டுத் தோய்க்க வேண்டும். சலவைத்தூளில் இருப்பது செயற்கை அழுக்ககற்றி, அது வன்னீரிலும் கசடாவதில்லை. சிப்பித் தெறி வைத்த சட்டையை வினாகிரியில் போடக்கூடாது. சிப்பியும் சுண்ணாம்புதான், பளபளப்புப் போய்விடும். வெளிற்றும் தூளோ குளோரீன் வெளிற்றித் திரவமோ பட்ட வாளியில் வினாகிரியை ஒருபோதும் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

கொலர் மஞ்சளுக்குக் காரணம் வேறு. உடம்பின் எண்ணெய் நூலுக்குள் ஊறி, நாளடைவில் ஒட்சிசனோடு சேர்ந்து மஞ்சளாக இறுகுகிறது. உலர்ந்த கொலரில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து அரை மணித்தியாலம் விட்ட பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். முதலே நனைத்துவிட்டால் திரவம் நீர்த்துவிடும், எண்ணெயைப் பிடிக்கும் பலம் குறையும். வெள்ளைக்கு நீலம் போடுவது நல்ல பழக்கம்: நீலம் மஞ்சள் ஒளியை உறிஞ்சுவதால் மிஞ்சிய மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தூள் நீலம் தண்ணீரில் கரைவதில்லை, நுண்துகளாக மிதக்கிறது. அதைத் துணியில் முடிந்து தண்ணீருக்குள் அசைத்து, நிறம் ஒரே சீராக வந்த பிறகு உடுப்பை இறக்கிக் கையெடுக்காமல் அசைத்தால் திட்டு விழாது.

பொலியெஸ்டர் கலந்த துணியில் சின்னச் சின்ன உருண்டைகள் கட்டும். பருத்தி நார் பலவீனமானது, உருண்டை கட்டினாலும் அறுந்து விழுந்துவிடும். பொலியெஸ்டர் நார் அறாமல் உருண்டையைத் துணியோடு பிடித்து வைக்கும். மேசையில் துணியை இழுத்து விரித்து, ஓரிரு தடவை பாவித்த சவர ரேசரை ஒரே திசையில், அழுத்தாமல் ஓட்டுங்கள். புத்தம்புது அலகு துணியையே வெட்டிவிடும்.

சுத்தமான பிறகே சட்டையை மதிப்பிட வேண்டும். இன்னமும் பழசாகத் தெரிகிறதென்றால் மிச்சம் இருப்பது அளவும் நிறமும். இங்கே வரிசை முக்கியம்: முதலில் தைத்துவிட்டு, பிறகு சாயம் போட வேண்டும். அதுவும் பருத்தி நூலால் தைக்க வேண்டும். அப்போது புதுத் தையலும், பிரித்த மடிப்பு விட்ட கோடும், பழைய துணியும் ஒரே சாயத்தைக் குடித்து ஒன்றாகும். பொலியெஸ்டர் நூல் பருத்திக்குப் போடும் சாயத்தைப் பிடிக்காது. வெள்ளை நூலால் தைத்த சட்டைக்குக் கருநீலம் போட்டால் தையல் முழுவதும் வெள்ளைக் கோடாகத் தெரியும். கடையில் வாங்கிய உடுப்புகள் பெரும்பாலும் பொலியெஸ்டர் நூலால் தைத்தவை என்பதால், கறுப்புச் சட்டையைக் கறுப்பாக, நீலத்தை இன்னும் கடும் நீலமாகப் போடுவதே பாதுகாப்பு.

உடுப்பை மந்தமாகக் காட்டுவது பெரும்பாலும் மூன்று இடங்கள்: தோள்மூட்டைத் தாண்டிக் கையில் விழும் தோள் தையல், சாக்குப்போல நேராக இறங்கும் பக்கத் தையல், கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் கெண்டைக்கால் தடித்த இடத்தில் முடியும் ஓரம். தோளைத் திருத்த கையையே கழற்ற வேண்டும், அது தையற்காரரின் வேலை, கூலியும் கூட. ஓரத்தை இரண்டு அங்குலம் ஏற்றினாலே கால் மெலிந்து தெரியும். பக்கத் தையலை வீட்டிலேயே பிடிக்கலாம், ஆனால் கணக்குத் தவறக்கூடாது. ஒரு பக்கம் அரை அங்குலம் உள்ளே தைத்தால் முன்துணியிலும் பின்துணியிலும் அரை அரையாக ஒரு அங்குலம் போகும், இரு பக்கமும் சேர்ந்து இரண்டு அங்குலம். நாலு அங்குலம் குறைக்க எண்ணி ஒவ்வொரு தையலிலும் இரண்டு அங்குலம் பிடித்தவருக்கு எட்டு அங்குலம் போய், சட்டை தலைக்குள்ளால் இறங்காது. இழுபடாத துணியில் மார்பளவைவிட நாலு அங்குலம் தளர்வு இருக்கட்டும். கைக்குழியில் ஒன்றும் பிடிக்காமல் தொடங்கி, இடுப்பில் முழு அளவுக்கு வந்து, ஓரத்தில் மீண்டும் மெல்ல விடுங்கள். முதலில் பெரிய இழையாகக் கையால் தைத்து உடுத்துப் பார்த்து, கையைத் தூக்கி, இருந்து எழும்பிப் பார்த்த பிறகு மெஷினில் ஓட்டுங்கள். துணியை வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

சாயத்துக்கு வருவோம். உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவி, முற்றத்தில் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் சாவணத்தால் பிடித்து எரித்துப் பாருங்கள். கடதாசி மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் பொலியெஸ்டர், அதற்குக் கீழ்வரும் முறை பலிக்காது. இரண்டும் கலந்ததென்றால் பருத்திப் பங்கு மட்டும் நிறம் பிடித்து வெளிறலாக வரும்.

பருத்திக்கு வேண்டியது வினைபுரி சாயம். 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ரட்டீ, ஸ்டீபன் என்ற இரண்டு வேதியியலாளர் கண்டுபிடித்து, 1956இல் விற்பனைக்கு வந்தது. அதுவரை இருந்த சாயங்கள் பலவும் நாரில் வெறுமனே ஒட்டியிருந்தன. இது காரத்தன்மையில் பருத்தியின் செலுலோசோடு வேதிப்பிணைப்பால் சேர்ந்து நாரின் ஒரு பகுதியாகவே ஆகிறது. கொதிக்க வைக்கத் தேவையில்லை, எங்கள் சூட்டு நாளின் முப்பது பாகை செல்சியசே போதும். பத்திக் வேலையில் மெழுகு உருகக்கூடாது என்பதால் அவர்களும் குளிர்ச்சாயம்தான் பாவிக்கிறார்கள். கடையில் கேட்கும்போது அப்படியே கேளுங்கள்.

அரைக் கிலோ உலர்ந்த துணிக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு மேற்சட்டைக்கு, பத்து லீற்றர் மழைநீர், 500 கிராம் உப்பு, 100 கிராம் சலவைச் சோடா, நடுத்தர நிறத்துக்கு 10 கிராம் சாயம், கறுப்புக்கு 30 முதல் 40 கிராம் வரை. கிணற்றுக் கல்சியம் சாயத்தைத் திரித்துத் திட்டாக்கும், அதனால்தான் மழைநீர். அதே காரணத்துக்காகக் கல்லுப்பும் வேண்டாம், கடலிலிருந்து காய்ச்சி வரும் அதில் கல்சியமும் மக்னீசியமும் ஒட்டியிருக்கும். சுத்திகரித்த தூள் உப்பைப் பாவியுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும், பிளாத்திக்கு வாளியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும், பிறகு அதைச் சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. சாயத்தூள் மூச்சுக்குள் போனால் ஒவ்வாமை வரும், மூக்கையும் வாயையும் மூடி, கையுறை போட்டுக் கரையுங்கள்.

சாயத்தை ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் பசைபோலக் குழைத்து வடித்து வாளியில் விடுங்கள், உப்பையும் கரையுங்கள். நன்றாக நனைத்துப் பிழிந்த உடுப்பை இறக்கி இருபது நிமிடம் கிண்டுங்கள். தண்ணீரில் கரைந்தே இருக்க விரும்பும் சாயத்தை உப்பு நாரை நோக்கித் தள்ளுகிறது. இந்தக் கட்டத்தில் இன்னும் பிணைப்பு ஏற்படவில்லை, நிறம் துணி முழுக்கச் சமமாகப் பரவ நேரம் கிடைக்கிறது. பிறகு உடுப்பை ஒரு பக்கம் ஒதுக்கி, தனியே கரைத்த சோடாவை மூன்று தடவையாக, ஐந்து நிமிட இடைவெளியில் விடுங்கள். சோடா பட்ட கணத்திலிருந்து பிணைப்புத் தொடங்கும். துணியின் மேலே நேராக ஊற்றினால் ஊற்றிய இடம் கடும் நிறமாகிவிடும், பிறகு திருத்த வழியில்லை. ஒரு மணித்தியாலம் அடிக்கடி கிண்டுங்கள். பாதிச் சாயத்தை நாளைக்கு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். சோடா சேர்ந்த சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து சில மணித்தியாலத்தில் செத்துவிடும்.

தண்ணீரோடு வினைபுரிந்து வீணான அந்தச் சாயமும் துணியில் சும்மா தங்கி நிற்கும். முதல் இரண்டு தோய்ப்பில் வெள்ளை உடுப்பைக் கெடுப்பது அதுதான். பச்சைத்தண்ணீரில் உப்புப் போக அலசி, பிறகு நல்ல சுடுதண்ணீரில் சலவைத்தூளோடு, தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தடவை கழுவுங்கள். கழிவுநீரைக் கிணற்றடியில் கொட்ட வேண்டாம். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம், மேலே கொட்டியது வடிகட்டப்படாமலே கீழ்நீரைச் சேரும்.

வன்னீர் எல்லாச் சாயத்துக்கும் எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்டியெடுத்த சாயவேர் தரும் சிவப்பு, அலிசரின் என்ற பொருள். அது படிகாரத்தின் அலுமினியத்தோடும் கல்சியத்தோடும் சேர்ந்தால்தான் செழுமையான சிவப்பாக இறுகும். இன்றைய சாயத்தைத் திரிக்கும் கல்சியம் அந்தச் சாயத்துக்கு உதவியது. 1868இல் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு சாயவேருக்குப் பழைய மதிப்பு இருக்கவில்லை.

நிறம் வந்த பிறகு தெறியை மாற்றுங்கள். சாதாரண சட்டைத் தெறி 18 இலக்கம், ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீற்றர். அளவு மாறினால் பழைய துளையில் கழன்றுகொண்டே இருக்கும். பருத்திக்கு மெல்லிய கஞ்சி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மரவள்ளிமா கரைத்துக் காய்ச்சியது, எழும்பிய நார்களைப் படிய வைத்து நிறத்தை இன்னும் ஆழமாகக் காட்டும். கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே மினுக்க வேண்டும். ஈரம் செலுலோசின் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, சூடு காயவைக்கும்போது அவை மட்டமான நிலையில் மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. முழுக்கக் காய்ந்த துணியில் எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகாதது இதனால்தான். கஞ்சி போட்டதை நீண்டநாள் அலுமாரியில் வைத்தால் பூச்சி அரிக்கும், கெதியில் உடுத்திவிடுங்கள்.

ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் எங்கள் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அந்த நாட்களில் ஊதாக் கடந்த கதிர் சாயத்தின் பிணைப்புகளை உடைக்கும் வேகம் அதிகம். உடுப்பை உட்புறம் வெளியே திருப்பி, வேப்பமர நிழலில் கொடி கட்டி விரியுங்கள். காற்று போதும், எங்கள் காற்றில் மெல்லிய சட்டை இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்.